புல்தரையும் பிரதட்சிணமும்

செம்பூரில் எங்கள் பழைய மூன்று மாடிக் கட்டடத்தை இடித்துப் பதினான்கு மாடி கட்டிக் கொடுத்தபோது, பில்டர் எங்களுக்கு இரண்டு லிஃப்டும் ஒரு புல்தரையும் கொடுத்தார். லிஃப்டில் ஒன்று அவ்வப்போது வேலை செய்யும். புல்தரைக்கு வேலையே கிடையாது. அதன்மேல் நடக்கக்கூடாது என்று மூன்று மொழியில் போர்டு வைத்திருந்தது. குழந்தைகள் பந்து விளையாடக்கூடாது, நாய்கள் வரக்கூடாது. பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதற்கு ஜன்னல் இருக்கிற வீடுகளுக்கு 'கார்டன் ஃபேஸிங்' என்று பெயர். நாலாவது மாடியில் எங்களுடையதும் அப்படிப்பட்ட வீடுதான்.

மும்பையில் மழை கொட்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து வருகிறவர்கள் எந்த மாதமானாலும் குடையோடுதான் வருவார்கள். கொட்டுவது நாலு மாதம். மீதி எட்டு மாதம் வானத்திலிருந்து காக்காய் எச்சத்தைத் தவிர எதுவும் விழாது. அந்த எட்டு மாதமும் எங்கள் புல் காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை என்று தவறாமல் தண்ணீர் குடித்தது. மார்ச் பிறந்தால் முனிசிபாலிட்டித் தண்ணீர் குறையும், டேங்கர் வரும். நான் பிடித்து வைத்த தண்ணீரில் அரிசி களைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கீழே டேங்கர் தண்ணீர் ஹோஸ் பைப்பில் புல்லுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புல்லால் எங்கள் கட்டடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் பிரயோஜனம் இருந்தது. அது என் கணவர்.

அவர் ரயில்வே அக்கவுண்ட்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டே வந்து, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. டாக்டர் அதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார், போனதைத் திருப்பித் தர வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த வட்டத்துக்குள் எது விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். அதனால் தமிழ்ப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார், எதிரில் வருகிற எருமை மாட்டைப் பார்க்கமாட்டார். கீழே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனுஷருக்குக் கண் தெரியாது என்று யாருக்குச் சந்தேகம் வரும்? யாருக்கும் வரவில்லை. வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் உத்தரவு.

விடிந்ததும் அவர் தனியாக லிஃப்டில் இறங்கி, செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, போர்டைத் தாண்டிப் புல்லில் வெறுங்காலோடு நடப்பார். யாராவது கேட்டால், பனியில் நனைந்த புல்லில் நடப்பது கண்ணுக்கு நல்லது என்று சொல்வார். இதை நம் ஜனங்களில் நம்பாதவர்களே கிடையாது, மராட்டிக்காரர்களும் குஜராத்திக்காரர்களும்கூட நம்புகிறார்கள். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். உண்மை என்னவென்றால், புல்லில் தடுக்கி விழ ஒன்றும் இல்லை. கால் ஓரத்துக்குப் போனால் டைல்ஸ் தட்டும், உடனே உள்ளே திரும்பிவிடலாம். அது கண்ணுக்கு நல்லதோ என்னவோ, கண் இல்லாமல் நடக்க அதைவிட நல்ல இடம் செம்பூரில் இல்லை. நாள் முழுவதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுஷர், அந்த ஒரு வேளை மட்டும் கையை வீசிக்கொண்டு நடப்பார்.

எங்கள் பையன் நவி மும்பையில் சான்பாடாவில் இருக்கிறான். பெரிய வீடு, ஓர் அறையை எங்களுக்கென்றே ஒழித்து வைத்திருக்கிறான். மருமகள் தங்கமானவள். அப்பா தனியாகக் கீழே இறங்க முடியாத நாள் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று அவன் வாக்கு வாங்கி வைத்திருந்தான். இவரும் தலையாட்டினார். அங்கே போனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

இந்த லட்சணத்தில் என்னைக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு, அதாவது சொசைட்டிக்கு, செக்ரட்டரி ஆக்கினார்கள். ஆக்கினார்கள் என்றால், நான் பாத்ரூம் போயிருந்தபோது தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் கோடை வருவதற்கு முன்னாலேயே தண்ணீர் வெட்டு. டேங்கர்காரன் போனை எடுப்பதில்லை. பன்னிரண்டாவது மாடிப் பெண்மணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்று, குழாயில் காற்றுதான் வருகிறது என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே ஹோஸ் பைப்பின் சத்தம் கேட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், புல்லை எடுத்துவிட வேண்டியதுதான்.

வீட்டில் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். புல்லை எடுத்தால் வீட்டின் மதிப்பு குறையும் என்றார். வெயில் ஏறும் என்றார். பில்டரின் பிளானில் புல்தரை என்று இருக்கிறது, சட்டப்படி தொட முடியாது என்றார். இத்தனையும் சொன்னவர், நான் எங்கே நடப்பேன் என்று மட்டும் கேட்கவில்லை. நானும் அதைப்பற்றிப் பேசவில்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டில் காபி வந்ததா, சாப்பாடு ஆச்சா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் பன்னிரண்டாவது மாடிக் குழந்தைக்குப் பால் புட்டி கழுவத் தண்ணீர் வேண்டும்.

மீட்டிங் பார்க்கிங்கில் நடந்தது. அவர் எழுந்து, இங்கிலீஷில் நீளமாக எதிர்த்துப் பேசினார். செக்ரட்டரியின் புருஷனே எதிர்க்கிறார் என்பதில் எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். புல்லின் குளிர்ச்சி, புல்லின் கௌரவம், புல்லில் உட்காரும் மைனா, எல்லாவற்றையும் சொன்னார். உண்மையான காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே ஜெயித்திருப்பார். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. அவர் இருந்த பக்கமே நான் பார்க்கவில்லை. புல்லை எடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் கைகள் எழுந்தன. யார் யார் தூக்கினார்கள் என்று பார்க்க அவருக்கு வழியில்லை. அதனால் லிஃப்டில் என்னையே கேட்டார்.

"நீ தூக்கினியா?"

"தூக்கினேன்."

"ம்" என்றார். நாலாவது மாடி வந்தது.

தாராவியிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரம், இவர் மட்டும் செடியில் இறங்கியவர். ஊரில் பாதி புல்தரையைப் போட்டதே அவர்தான், இப்போது அதையெல்லாம் எடுப்பதும் அவர்தான். இரண்டு வேலையையும் ஒரே உற்சாகத்தோடு செய்தார். தரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாங்க தாராவியில தண்ணிக்கு லைன்ல நிப்போம் மாமி. இங்க புல்லு படுத்துக்கிட்டே குடிக்கு."

அவருடைய யோசனை முழுக்க வெள்ளைக் கூழாங்கல், நடுவில் ஆளுயரக் கள்ளிச்செடி. ஏதோ பாலைவனத்துப் படத்தை போனில் வைத்திருந்தார். ஜூனில் இந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், உங்கள் கள்ளி அழுகிப் போகும் என்றேன். யோசித்துவிட்டு, ஆமாம், செம்பூரில் போட்டதெல்லாம் அழுகித்தான் போச்சு என்று ஒத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து, எட்டு மாத வெயிலையும் நாலு மாத மழையையும் தாங்குகிற செடிகளாகப் பொறுக்கினோம். இட்லிப்பூ, நந்தியாவட்டை, காகிதப்பூ, எலுமிச்சைப்புல், வெட்டிவேர். ஓரமாகக் கொஞ்சம் சோற்றுக்கற்றாழை. மண் தெரியாமல் தேங்காய் நாரும் காய்ந்த இலையும் போட்டு மூடுவது. வேருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போக மெல்லிசான பைப். நடுவில் செடி, அதைச் சுற்றி நடக்க ஒரு பாதை.

பாதையைப் பற்றி நான் படுத்திய பாட்டுக்கு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாதையின் இரண்டு ஓரமும் செங்கல்லைச் செங்குத்தாகப் பதித்து, பாதத்துக்குத் தட்டுப்படும்படி உயர்த்தச் சொன்னேன். காகிதப்பூ முள்ளை மதிலோரமாகத் தள்ளச் சொன்னேன். முதல் திருப்பத்தில் எலுமிச்சைப்புல், அடுத்த திருப்பத்தில் மருக்கொழுந்து, அதற்கு அடுத்ததில் துளசி, எதுவும் இடம் மாறக்கூடாது என்றேன். அழகாகக் கலந்து வைக்கலாமே என்றார். கலக்கக்கூடாது என்றேன். செக்ரட்டரிக்குக் கிறுக்கு என்று வேலையாட்களிடம் சொல்லியிருப்பார், சொல்லட்டும்.

புல்லைச் சுருட்டி எடுத்த அன்று என் கணவர் கீழே போகவில்லை, ஜன்னல் பக்கமும் வரவில்லை. வேலை முடியும்வரை வீட்டு ஹாலிலேயே நடந்தார். ஹாலில் நடப்பது என்றால், சோபாவிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது.

தோட்டம் தயாரானது. முதல் மாதம் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. குச்சி குச்சியாகச் செடி, சுற்றிலும் நார். இதற்கா எங்கள் புல்லை எடுத்தாய் என்று பார்க்கிங்கில் நேராகவே கேட்டார்கள். ஆனால் ஹோஸ் பைப்பைச் சுருட்டி மாட்டியாகிவிட்டது. தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின்கள் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஒவ்வொரு வீடும் பக்கெட்டில் பிடித்துக் கொடுத்தால், அதுவே செடிகளுக்குப் பாதி போதும் என்று ஏற்பாடு செய்தேன். டேங்கர் தண்ணீர் முழுவதும் மாடிக்கே போனது. பன்னிரண்டாவது மாடிப் பெண்மணி லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மற்றவர்கள் இன்னும் சிரிக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் நானே அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாதையில் நிறுத்தினேன். வெறுங்கால் செங்கல்லைத் தேடிக் கண்டுபிடித்தது. எலுமிச்சைப்புல்லின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். மருக்கொழுந்து வந்ததும் தானாகத் திரும்பினார். மூன்றாவது சுற்றில் என் தோளை விட்டார். மீட்டிங்கில் கை தூக்கியதைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டாவது காபி கேட்டார். எனக்குச் சமையலறையில் அழுகை வந்துவிட்டது.

இவ்வளவு யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. செடி வைத்த இடத்தில் இருக்கும், மனுஷர்கள் இருக்க மாட்டார்கள். புல் இருந்தவரை அதன்மேல் அவர் ஒருவர்தான். இப்போது பாதை வந்துவிட்டது, கட்டடம் முழுக்க நடக்க இறங்கிவிட்டது. அதிலும் எல்லோரும் இடப்பக்கமாகச் சுற்றினார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எல்லாப் பார்க்கிலும் அப்படித்தானாம். என் கணவர் மட்டும் வலமாக நடந்தார். மாட்டுங்காவில் இருந்த காலத்திலிருந்து கோவிலில் சுற்றிச் சுற்றி அவருடைய காலுக்கு வேறு திசையே தெரியாது. ஆக, காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேகவேகமாக வருகிற கூட்டம் முழுவதும் அவருக்கு எதிரில் வந்தது.

ஊரோடு சேர்ந்து நீங்களும் அந்தப் பக்கமாகவே போங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பிரதட்சிணமா காரியத்துலதாண்டி சுத்துவா. உசிரோட இருக்கறவனை அப்படி நடக்கச் சொல்றியா?"

எல்லோரும் வருவதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுங்கள் என்றேன். அவரும் சீக்கிரமாகக் கிளம்பினார். கோடை ஆகிவிட்டதால் மற்றவர்களும் வெயிலுக்குப் பயந்து சீக்கிரமாகக் கிளம்பினார்கள்.

மூன்றாவது மாடியில் ஒரு மராட்டி டீச்சர் இருக்கிறாள். எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். மருக்கொழுந்துத் திருப்பத்தில் அவள் இவர்மேல் மோதினாள். இவர் சோற்றுக்கற்றாழை மேல் விழுந்தார். நான் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து, தரையைத் தடவி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. டீச்சர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் தேங்க்யூ சொன்னார், ஆனால் அவள் நின்ற பக்கம் பார்த்துச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அங்கிளுக்கு எவ்வளவு தெரியும் என்று ஹிந்தியில் கேட்டாள். நான் ஹிந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சான்பாடாப் பேச்சையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எங்கள் கட்டடத்தில் யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் என்ன ஆகும் என்பது செக்ரட்டரிக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேனோ என்னவோ.

முழங்கையில் கட்டு. அவர் அதற்கப்புறம் கீழே போகவில்லை. காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்துகொள்வார். பேப்பரைப் பிரிக்கவே மாட்டார். நான் ஏதாவது சண்டைக்கு இழுத்தாலும் சரி சரி என்று விட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இதற்கு நடுவில் பையன் வீடியோ காலில் அவருடைய முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு பேரும் துணிமணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அவர் அதற்கும் சரி என்றார். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கண் விழித்தால் அவர் பக்கத்தில் இல்லை. சோபாவில் இருப்பார் என்று நினைத்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். வாசல் கதவு சாத்தியிருந்தது, செருப்பைக் காணோம். பால்கனிக்கு ஓடினேன். கீழே அவர் பாதையில் வலமாக நடந்துகொண்டிருந்தார், ஒரு கை மார்போடு சேர்ந்திருந்தது. அவருக்கு முன்னால் டீச்சர் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் காதை அடைத்துக்கொண்ட இளவட்டங்கள். அவர்களுக்குப் பின்னால் மீட்டிங்கில் அவருடைய மைனாப் பேச்சைக் கேலி செய்த குஜராத்தி தம்பதி, கைக்குழந்தையோடு பன்னிரண்டாவது மாடி. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முந்திப் போகிறவர்கள் அவரிடமிருந்து ஒரு கை தள்ளிப் போனார்கள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ, அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது.

மேலே வந்தவர் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

"இந்த சொசைட்டிக்கு இப்பத்தான் கொஞ்சம் புத்தி வந்திருக்கு" என்றார்.

ஆமாம் என்றேன். பெட்டியை மட்டும் திரும்பப் பரணில் ஏற்றவில்லை. பையன் சொன்னதைச் செய்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் விடிந்தும் விடியாததுமாக வந்துவிட்டான். அப்பா கீழே நடக்கப் போயிருக்கிறார் என்றதும் முகம் சிவந்துவிட்டது. கட்டோடு தனியாக அனுப்பினாயா என்று என்னைச் சத்தம் போட்டுவிட்டு, கூட்டிக்கொண்டு வர இறங்கினான். நான் பால்கனியில் நின்றேன். அவன் பாதைக்குப் போய், பார்க்கில் நடக்கிற வழக்கப்படி இடப்பக்கமாக இரண்டடி வைத்தான். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்து அவன் முன்னால் நின்றான். கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னான். பையன் ஏதோ கேட்டான். இங்கே இப்படித்தான் சாப், ரூல், என்று வாட்ச்மேன் சொன்னது நாலாவது மாடி வரை கேட்டது. அப்படி ஒரு ரூலை செக்ரட்டரியாகிய நான் போட்டதில்லை.

பையன் பாதையை விட்டு இறங்கி ஓரமாக நின்றான். துளசித் திருப்பத்தில் அவன் அப்பா வந்தார். கட்டில்லாத கையை வீசிக்கொண்டு வந்தார். பையன் நின்ற இடத்துக்கும் அவருக்கும் கை நீட்டினால் தொடுகிற தூரம். அவர் அவனைத் தாண்டிப் போனார். அவன் கூப்பிடவில்லை. அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த சுற்றில் அவர் மறுபடி தாண்டிப் போனதும், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பாதையில் ஏறி அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடக்க ஆரம்பித்தான். அவர் நிறுத்துகிற வரை அவனும் நடந்தான்.

மேலே வந்து இரண்டு பேரும் தோசை சாப்பிட்டார்கள். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, கிளம்பலாமா என்று அவரே கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை. பெட்டி ஹாலில் இருந்தது. பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினான். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"சான்பாடால பார்க்ல எல்லாரும் இடப்பக்கமாத்தாம்மா சுத்தறா."